வெளிச்சம் திரும்பும் காலம்

இதை ஓகஸ்ட் மாதத்தில் எழுதுகிறேன். ஒஸ்லோவில் இப்போது இரவுச் சாப்பாடு முடிந்த பின்னும் பல்கணியில் விளக்குப் போடாமல் பேப்பர் வாசிக்கலாம். எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிட வேண்டும். குளிர்காலம் வந்துவிட்டால் என்னால் ஒரு வரியும் எழுத முடியாமல் போகலாம். இந்த ஊரில் வேறு யாரோ திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக் கிடந்து, இது வெறும் சோம்பல்தான் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கக்கூடும். அவருக்காக எழுதுகிறேன்.

என் பெயர் வதனி. திரிக் ஓட்டுகிறேன். தெருவின் நடுவே தண்டவாளத்தில் ஓடும் திராம் வண்டியை இங்கே திரிக் என்பார்கள். கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கணவர் ஈசன் பொதிகளைத் தரம் பிரிக்கும் இடமொன்றில் வேலை செய்கிறார். மகள் ஆரணி இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். குரோருட் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம்.

போன ஒக்ரோபரில் தொடங்கியது. நித்திரை போதாது என்று நினைத்தேன். காலை வேலைக்காரர்கள் நாங்கள் இருட்டில் எழுந்து இருட்டில் வண்டியை எடுப்போம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கொஞ்சம் சரிந்து எழும்பினால் வெளியே மறுபடியும் இருட்டு. சூரியன் வந்துபோன நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எவ்வளவு தூங்கினாலும் உடம்பு ஈரக் கம்பளிபோல் கனத்தது. பாணும் இனிப்பும்தான் வேண்டியிருந்தன. கறி வைக்கும் வாசனை பிடிக்கவில்லை. ஒரு நாள் ஈசன் வேலையால் வந்தபோது நான் கோட்டும் சப்பாத்துமாக நடைவழித் தரையில் இருந்துகொண்டே தூங்கிப்போயிருந்தேன். சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று குந்தியது மட்டும் நினைவிருக்கிறது.

குடும்ப வைத்தியரிடம் போனோம். தைரொயிட் சுரப்பி மந்தமாக வேலை செய்தாலும் இப்படிக் களைப்பு வருமாம். அதற்கும், இரும்புச் சத்துக்கும், விற்றமின் டீக்கும் இரத்தம் எடுத்தார்கள். விற்றமின் டீ மட்டும் குறைவு. தோல் கறுத்த எங்களுக்கு இந்த நாட்டில் அது வழக்கமான குறை. மீனெண்ணெய் குடிக்கச் சொன்னார். ஈசனுக்கு நிம்மதி. "மீனெண்ணெய்தானே, நான் மறக்காமல் தாறன்," என்று ஒவ்வொரு காலையும் கரண்டியோடு வந்து நிற்பார். நான் வாயைத் திறப்பேன். அதைக் கையில் வாங்கிக் குடிக்கும் தெம்புகூட எனக்கு இருக்கவில்லை.

டிசெம்பரில் ஒரு காலை. சன்னல்களில் எல்லாம் நத்தார் நட்சத்திரங்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு தரிப்பில் நிறுத்தினேன். ஆட்கள் ஏறினார்கள், கதவை மூடினேன், போகச் சொல்லும் வெள்ளை விளக்கு வந்தது. என் கை நெம்புகோலின் மேல்தான் இருந்தது. அதைத் தள்ளினால் வண்டி போகும். நான் தள்ளவில்லை. கை விறைக்கவில்லை, நெஞ்சு வலிக்கவில்லை, தலை சுற்றவில்லை. தள்ளுவதற்கு எனக்குள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, அவ்வளவுதான். விளக்கு மாறியது. திரும்ப வந்தது. மறுபடி மாறியது. பின்னால் வந்த திரிக் மணியடித்தது. யாரோ என் ஓட்டுநர் அறைக் கண்ணாடியைத் தட்டினார்கள்.

வானொலியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு, இனி என்னால் ஏலாது என்று நொர்வேஜிய மொழியில் சொன்னேன். என்ன பழுது என்று கேட்டார்கள். பழுது வண்டியில் இல்லை, என்னில் என்றேன். வேறொரு ஓட்டுநர் வரும்வரை அப்படியே இருந்தேன். பயணிகள் இறங்கிச் சேற்றுப் பனியில் நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் ஏசவில்லை. அறைக் கதவைத் திறந்தபோது ஒரு பெண் கோட்டுப் பையிலிருந்து சின்னத் தோடம்பழம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குடும்ப வைத்தியர் இந்த முறை வேறு கேள்விகளைக் கேட்டார். போன குளிர்காலம் எப்படி? அதற்கு முந்தியது? யோசித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஒவ்வொரு வருடமும் இலை கொட்டி முடியும்போது நான் சுருங்கிப்போவேன். நத்தார் விடுமுறையில் காய்ச்சல் என்று படுத்துக்கொள்வேன். ஏப்ரலில் சன்னல்களைத் துடைத்துக்கொண்டு பாட்டு முணுமுணுப்பேன். இது எனது குணம் என்றே வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

இதற்குப் பெயர் பருவகால மனச்சோர்வு என்றார் அவர். காலை வெளிச்சம் கண்ணுக்குள் போய்த்தான் மூளைக்கு விடிந்துவிட்டது என்று சொல்கிறது, அப்போதுதான் நித்திரையைக் கொண்டுவரும் சுரப்பு அடங்குகிறது. வெளிச்சம் கிடைக்காவிட்டால் சிலருக்கு உள்ளே இருக்கும் மணிக்கூடு பிந்திப்போகிறது. உடம்பு எழுந்து நடக்கும், ஆனால் அதற்கு இன்னும் நடுச்சாமம். நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். எல்லோருக்கும் கொஞ்சம் சோர்வு வரும். சிலருக்கு அது நோயாக மாறும். என்னுடையது நெடுங்காலம் நோயாகவே இருந்து, கவனிப்பாரில்லாமல் ஆழமாகிவிட்டது.

அவர் என்னை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். காத்திருக்கும் அறையில் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் தமிழ் முகம் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். ஒஸ்லோ பெரிய நகரம்தான், ஆனால் எங்களுக்கு அது ஒரு குறிச்சி. நகரத்துக்கு ஒரு பக்கம் திராமன் என்ற ஊரில் ஒரு கல்யாண வீட்டில் தும்மினால் மறுபக்கம் லில்லெஸ்ட்ரோமில் என்ன வருத்தம் என்று கேட்பார்கள்.

உள்ளே இளம் வைத்தியர் ஒருவர், மெல்லிய குரல். அவர் எதைக் கேட்டாலும் நான் களைப்பாக இருக்கிறது என்றே சொன்னேன். நொர்வேஜிய மொழியில் திரிக் ஓட்டுவேன், பெற்றோர் கூட்டத்தில் சண்டை பிடிப்பேன், பகிடிகூட விடுவேன். உள்ளே இருந்ததைச் சொல்ல அந்த மொழியில் எனக்குக் களைப்பு என்ற ஒரே சொல்தான் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்வோமா என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு, வேறு ஊரிலிருந்து, தொலைபேசியில், உங்கள் பெயர் சொல்லாமல் என்றார்.

மேசைமேல் இருந்த தொலைபேசியிலிருந்து ஒரு இளம் பெண்ணின் குரல் வந்தது. இந்தியத் தமிழ். எனக்கு மூச்சு வந்தது. இவளுக்கு என் ஊரும் தெரியாது, என் மாமியாரையும் தெரியாது.

"வணக்கம் மேடம். நீங்க சொல்றதை நான் அப்படியே சொல்வேன். நீங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்வேன். குழப்பிக்க வேணாம்."

வைத்தியர் கேட்டார், அவள் தமிழில் கேட்டாள்: உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?

நான் தொலைபேசியை என் பக்கம் இழுத்து வைத்தேன். பிறகு சொன்னேன்: "சாகவேணும் எண்டு இல்லை. ஆனால் விடியக்கூடாது எண்டு நினைச்சுக்கொண்டுதான் படுக்கிறன். ஒவ்வொரு நாளும். நான் இல்லாட்டி அவையளுக்குச் சுகம்."

பிறகு அந்தக் குரல் நொர்வேஜிய மொழியில், தன்னுடையது போலவே, சொல்லத் தொடங்கியது. நான் இல்லாவிட்டால் அவர்களுக்கு நல்லது என்றது. யாரோ ஒரு பிள்ளை, என் மகளைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம், தான் இல்லாவிட்டால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொல்லாதே பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். அது நான் சொன்ன வசனம் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் அழுதேன். முடிவில் அவள், அவர்களுடைய வேலை விதிகளில் இல்லாத ஒன்றாக இருக்கவேண்டும், "உடம்பைப் பாத்துக்கங்கக்கா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தொடர்பை வைத்தாள்.

அன்றே என்னைச் சேர்த்தார்கள். என் சம்மதத்தோடுதான். வாசலில் பையைச் சோதித்துச் சில பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதுதான் என்னை மிகவும் கூசச் செய்தது. கூப்பிட்டதும் வேலையிலிருந்து வந்த ஈசன் பக்கத்தில் நின்று, தன்னையே அவர்கள் சோதிப்பதுபோல் கைகளைச் சற்று விரித்துக்கொண்டிருந்தார்.

இரவுகளைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். தாதி சின்ன விளக்கோடு வந்து கதவைத் திறந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்ப்பாள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கதவுச் சத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

குளிசை தந்தார்கள். அது வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும், அதுவரை வாய் காயும், வயிறு பிரட்டும் என்று சொல்லியே தந்தார்கள். கண்ணைப் பரிசோதித்த பின் வெளிச்சச் சிகிச்சை. காலையில் ஒரு சிறு அறையில், சுவரில் பொருத்திய பெரிய வெள்ளை விளக்குகளுக்கு முன்னால் கதிரைகளில் இருந்து தேத்தண்ணி குடிப்போம். விளக்கை முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. அதன் முன் இருந்தால் போதும். என் உடம்பை ஏமாற்றி விடிந்துவிட்டது என்று சொல்கிற வேலை. முதல் கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

அங்கேதான் தூரிட்டைக் கண்டேன். என் வயதுதான் இருக்கும். லில்லெஸ்ட்ரோமில் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குகிறவள். அகன்ற தோள்கள், நீர்பட்டு வெளிறிய தலைமுடி. நாங்கள் அதிகம் பேசியதில்லை. மத்தியானம் வெளிச்சம் இருக்கும் சின்ன நேரத்தில் எல்லோரையும் வெளியே நடக்கவிடுவார்கள். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்தில் முள் பூட்டிக்கொண்டு நானும் அவளும் பைன் மரங்களுக்கிடையே ஒரு சுற்று வருவோம். நான் பயந்து பயந்து கால் வைப்பேன். அவள் முழங்கையை என் பக்கம் நீட்டுவாள். நான் பிடித்துக்கொள்வேன்.

வெளியே, எங்கள் ஆட்களிடம், ஈசன் எனக்கு முதுகு நோ என்று சொல்லியிருந்தார். திரிக் ஓட்டுகிறவளுக்கு முதுகு நோ வருவது பொருத்தம்தானே. விளைவு, வீடு நிறைய எண்ணெய்ப் போத்தல்கள். கோயிலுக்கு வருகிறவர்களெல்லாம் ஊரிலிருந்து வந்த மூலிகை எண்ணெய், பிண்டத் தைலம் என்று கொடுத்தனுப்பினார்கள். ஒருவர் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்தவாங்கரிலிருந்து தபாலில் அனுப்பினார்.

செல்வியக்கா என்று, எங்கள் தொடர்மாடியில் கீழே இருப்பவர், எண்ணெயோடு நேரே வீட்டுக்கு வந்து எந்த வைத்தியசாலை, எந்த வார்ட், தான் போய் முதுகைத் தேய்த்துவிடுகிறேன் என்று நின்றாராம். ஈசன் ஏதோ மழுப்ப, ஆரணி அறையிலிருந்து வெளியே வந்து சொல்லிவிட்டாள்.

"அம்மாக்கு முதுகிலை ஒண்டும் இல்லை அன்ரி. டிப்ரெஷன். வாழ விருப்பம் இல்லாத வருத்தம். முதுகு நோ எண்டு சொன்னா எல்லாரும் எண்ணெய்தான் கொண்டு வருவினம்."

செல்வியக்கா போத்தலை மேசையில் வைத்தார் என்றாள் ஆரணி. பிறகு, அவ என்ன சாப்பிடுறவ, இடியப்பம் எண்டால் சாப்பிடுவாவோ என்று கேட்டாராம்.

அன்று பின்னேரம் ஈசன் இடியப்பப் பெட்டியோடு வந்தார். கோட்டைக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"பிள்ளை சொல்லிப்போட்டாள்," என்றார். "எனக்குக் கோவம் வந்தது. பிறகு யோசிச்சுப் பாத்தன். உமக்கு வெக்கமா இருக்கும் எண்டுதான் மறைச்சனான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். வெக்கம் எனக்குத்தான் வதனி."

நான் அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். ஆரணி தன் வீட்டுப்பாடத்தைச் சன்னல் விளிம்பில் விரித்து வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பாமல் எழுதிக்கொண்டிருந்தாள். இந்தக் கிழமைகளில் அவள் ஒருமுறையும் எப்ப வீட்டுக்கு வருவீங்கள் என்று கேட்டதில்லை. எனக்கு அது பெரிய உதவி.

அந்த இடியப்பத்தைத்தான் தூரிட்டோடு பகிர்ந்துகொண்டேன். செல்வியக்காவின் சம்பல் யாருக்கும் இரக்கம் காட்டாது. தூரிட் ஒரு வாய் வைத்தாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஓட, நிறுத்தாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு, மறுபடி எப்போது வரும் என்று கேட்டாள். அதற்குப் பிறகு செல்வியக்கா இரண்டு பேருக்குக் கட்டி அனுப்பினார்.

பெப்ரவரியில் ஒரு காலை விளக்கறையில் இருக்கும்போது சன்னலுக்கு வெளியே பனி இளஞ்சிவப்பாக மாறுவதைக் கண்டேன். அழகு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததே எனக்குப் புதினமாக இருந்தது. பசி வந்தது. எழும்பிக் குளிக்க யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைத்தியர் சந்தோஷப்பட்டார், ஆனால் நோயாளிகள் எங்களை ஒன்றாக இருத்தி ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். வெளிச்சம் திரும்பும்போது உடம்புக்கு முதலில் பலம் வரும். மனம் பிந்தித்தான் வரும். இடையில் உள்ள நாட்களில்தான் கவனம் வேண்டும், ஏனென்றால் கெட்ட எண்ணம் இன்னும் போயிருக்காது, அதைச் செய்யும் பலம் மட்டும் வந்திருக்கும். அந்த எண்ணம் வந்தால் வெட்கப்படாமல், தாமதிக்காமல், யாரிடமாவது சொல்லிவிட்டு இங்கே வாருங்கள் என்றார். தூரிட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தலையாட்டினாள்.

அவள் எனக்கு முந்தியே வீட்டுக்குப் போனாள். கன்னத்தில் நிறம் இருந்தது. கோடை வந்தால் எனக்கு நீந்தப் பழக்குவதாகச் சொன்னாள். கடற்கரை ஊரில் பிறந்தவளுக்கு நீந்தத் தெரியாதா என்று சிரித்தாள். அவள் நிறையச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். கொஞ்ச நாளில் நானும் வீட்டுக்கு வந்தேன். தொலைபேசியில் படங்கள் அனுப்புவாள். உருகும் பனிமேடு, குளத்தின் நீலத் தரை, ஒரு காகம்.

மார்ச் முடிவில் அவளுடைய இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் ஒரு ஆணின் குரல். தூரிட்டின் தம்பி என்றான். அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள் என்று நேரடியாகவே சொன்னான். இந்த ஊரில் அதைச் சுற்றி வளைத்துச் சொல்லமாட்டார்கள். நான் சன்னலருகே நின்றேன். வெளியே கண் கூசும் வெயில், பிள்ளைகள் கோட்டில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

செத்தவீட்டுக்குத் தனியே போனேன். லில்லெஸ்ட்ரோமில் சின்னத் தேவாலயம். கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். நீந்தப் பழகிய பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு வந்திருந்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது அகன்ற தோளுள்ள ஒருவன் நேரே என்னிடம் வந்தான். அங்கே நின்ற ஒரே கறுப்பு முகம் நான்தான், தேட வேண்டியிருந்திருக்காது. சாப்பாடு தந்தது நீங்களா என்று கேட்டான். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவனுக்கு விளங்கியது. அக்கா அந்த உறைப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள் என்றான். அழுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது நன்றாக இருந்தது என்றாளாம். என் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி, கடைசி நாட்களில் உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டான். ஒரு காகத்தின் படம் அனுப்பினாள் என்றேன். அதைக் காட்டச் சொன்னான். வெயிலில் திரை தெரியவில்லை. இரண்டு பேரும் குனிந்து, என் கோட்டை விரித்து நிழல் பிடித்து அந்தக் காகத்தைப் பார்த்தோம்.

திரும்பி வரும் ரயிலில் சன்னல் பக்கம் இருந்தேன். வயல்களில் பனி கரைந்து மண் தெரிந்தது. எனக்குப் பசித்தது, கால்களில் பலம் இருந்தது. அப்போது அந்த எண்ணம் வந்தது. டிசெம்பரில் வந்ததுபோல் மங்கலாக அல்ல, தெளிவாக, நடக்கக்கூடியதாக. அவள் போய்விட்டாள், நீயும் போகலாம் என்றது. எனக்கு வேர்த்தது. வீடு வரும்வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

கதவைத் திறந்தபோது ஈசன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கோட்டுடன் போய் முன்னால் நின்றேன்.

"இஞ்சாருங்கோ," என்றேன். "எனக்குச் சாகவேணும் போல கிடக்கு. இண்டைக்கு. இப்ப."

அவர் என்னைப் பார்த்தார். அப்படிச் சொல்லாதையும், பிள்ளையை யோசியும், சாமியைக் கும்பிடும் என்று நான் பயந்தவை எதையும் சொல்லவில்லை. அடுப்பை நிறுத்தினார். கையைக் கழுவினார்.

"சப்பாத்தைக் கழட்டாதையும்," என்றார். "போவம்."

அறையிலிருந்து எல்லாம் கேட்டிருந்த ஆரணி ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். காரில் பின்னால் என்னோடு இருந்தாள். அவசரப் பிரிவில் எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். சன்னலுக்கு வெளியே இன்னும் பகல், அந்த மாதத்தில் அது எளிதில் போகாது. ஈசனின் கையில் வெங்காய மணம். கதவு திறந்து ஒரு தாதி என் பெயரைப் பிழையாக உச்சரித்துக் கூப்பிட்டாள். நான் எழுந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என்னோடு எழுந்தார்கள்.